கட்டிப்பிடித்து அழுத ஏசாவும் யாக்கோபும் அன்றைக்கே வேறு வேறு வழியில் போனார்கள்

"டீச்சர், அண்ணனை மன்னித்துவிட்டேன் என்று ஜெபத்தில் சொல்லியாகிவிட்டது. ஆனால் அவன் வீட்டுப் படி ஏற மனம் வரவில்லை. அப்படியானால் என் விசுவாசம் பொய்யா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பதில் நீளும். முதலில் அவருடைய நிலைமையை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

கேரள எல்லையில் பாறசாலைக்குப் பக்கத்து ஊர். 14 வருடம் சார்ஜாவில் வேலை. அவர் அனுப்பிய பணத்தில்தான் அப்பாவின் ஓட்டு வீடு வார்ப்பு வீடானது. 9 வருடத்துக்கு முன்னால் ஊருக்கு வந்தவருக்கு, அந்த வீடும் ரோட்டோரத்து 35 சென்ட் ரப்பர் விளையும் அண்ணன் பெயருக்கு இஷ்டதானமாகப் பிரமாணம் (தானப் பத்திரம்) ஆகிவிட்டது தெரியவந்தது. உள்ளே தள்ளிக் கிடக்கும் 25 சென்ட் இவருக்கு. அன்றோடு பேச்சு நின்றது. இப்போது அப்பாவுக்கு 83 வயது, அண்ணன் வீட்டில் படுக்கையில் இருக்கிறார். "ரெண்டு பேரையும் ஒரே பாயில பாத்துட்டுப் போகணும்" என்று சொல்லியனுப்புகிறார். ஜெபக் கூட்டத்தில் எல்லாரும் யோசேப்பைக் காட்டி, "அவன் சகோதரரை மன்னித்துக் கூடவே வைத்துக்கொண்டானே, நீயும் பழையபடி ஒன்றாய்ப் போ" என்கிறார்களாம்.

தம்பி, உங்கள் விசுவாசம் பொய் இல்லை. உங்களுக்கு யோசேப்பின் கதையைப் பாதி சொல்லியிருக்கிறார்கள். ஓய்வுநாள் பள்ளியில் 28 வருடம் வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த 50 அதிகாரங்களில் பிரிந்த சகோதரர்கள் பலபேர் வருகிறார்கள். ஒருவரும் நீங்கள் பயப்படுகிற மாதிரி, ஒன்றுமே நடக்காததுபோலப் பழைய வீட்டுக்குத் திரும்பவில்லை.

முதலில் ஈசாக்கின் இரட்டைப் பிள்ளைகள் ஏசாவும் யாக்கோபும். நம்ம பக்கத்தில் கஞ்சியும் பயறும் குடித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதையின் தொடக்கத்தை விளக்க வேண்டியதில்லை. வேட்டையிலிருந்து களைத்து வந்தவனுக்கு ஒரு கிண்ணம் பயற்றங்கூழுக்காக, மூத்த மகனுக்குரிய சேஷ்டபுத்திரபாகத்தை ஆணையிடச் செய்து வாங்கிக்கொள்கிறான் தம்பி. பிறகு அம்மா ரெபெக்காள் வெள்ளாட்டுக்குட்டித் தோலைக் கையிலும் கழுத்திலும் சுற்றிவிட, கண் மங்கின தகப்பனிடம் போய் "நான் ஏசா" என்று சொல்லி ஆசீர்வாதத்தையும் வாங்கிவிடுகிறான். ஏசா கொலைவெறியில் இருக்கிறான் என்றதும் அம்மா சொல்கிறாள்: சில நாள் என் அண்ணன் லாபான் வீட்டில் போய் இரு, கோபம் தணிந்ததும் ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறேன். அந்தச் சில நாள் 20 வருடம் ஆயிற்று. அவள் ஆள் அனுப்பியதாக வேதத்தில் இல்லை. மகனை மறுபடி பார்த்ததாகவும் இல்லை. அவளை மக்பேலாக் குகையில் அடக்கம் செய்தார்கள் என்பது மட்டும் கடைசியில் ஒரு வரியாக வருகிறது. ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையை ஏமாற்றிய தாய்க்கு இரண்டு பேரும் கைவிட்டுப் போனார்கள். இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் என் குரல் கம்மிவிடும்.

20 வருடம் கழித்து யாக்கோபு திரும்புகிறான். ஏசா 400 பேரோடு எதிரே வருகிறான் என்று செய்தி வருகிறது. யாக்கோபு என்ன செய்தான் என்பதைக் கவனியுங்கள். "அண்ணா, மன்னித்துவிடு" என்று ஆள் மூலம் சொல்லியனுப்பிச் சும்மா இருக்கவில்லை. வெள்ளாடு 200, கடா 20, செம்மறி 200, ஆட்டுக்கடா 20, பால் கொடுக்கும் ஒட்டகம் 30 குட்டிகளோடு, பசு 40, காளை 10, கோளிகைக் கழுதை 20, கழுதைக்குட்டி 10. ஒட்டகக் குட்டிகளை விட்டு எண்ணினாலே 550 உருப்படி. மந்தை மந்தையாக, இடைவெளி விட்டு, முன்னால் அனுப்புகிறான். பிறகு தானே நடந்து போய் ஏழு தரம் தரையில் விழுந்து வணங்குகிறான். ஏசா ஓடி வந்து கட்டிக்கொண்டு, கழுத்தில் விழுந்து முத்தமிட, இருவரும் அழுகிறார்கள். "எனக்குப் போதுமானது இருக்கிறது, உன்னுடையது உன்னிடமே இருக்கட்டும்" என்கிறான் ஏசா. யாக்கோபு விடவில்லை, வற்புறுத்திக் கொடுக்கிறான். நம் தமிழ் வேதத்தில் அந்த இடத்தில் "காணிக்கை" என்று இருக்கும். எபிரெய மூலத்தில் அது "என் ஆசீர்வாதம்" என்று பொருள்படும் சொல். அன்றைக்குத் திருடியது எதுவோ அதையே சொல்லாலும் பொருளாலும் திருப்பிக் கையில் வைக்கிறான். தவறு செய்தவன் வெறுங்கையோடு வரவில்லை. இதை உங்கள் அண்ணனும் வாசித்தால் நல்லது.

இதற்கு மேல் நடப்பதைப் பிரசங்கங்களில் பெரும்பாலும் சொல்வதில்லை. "வா, சேர்ந்து போவோம்" என்று ஏசா கூப்பிடுகிறான். யாக்கோபு, "பிள்ளைகள் இளசுகள், ஆடுமாடுகள் கறவையாக இருக்கின்றன, ஒரு நாள் ஓட்டினாலும் செத்துப்போகும். நீர் முன்னே போம், நான் மெதுவாகச் சேயீருக்கு வந்துசேருகிறேன்" என்கிறான். ஏசா அன்றைக்கே சேயீருக்குத் திரும்பிப் போகிறான். யாக்கோபு சுக்கோத்துக்குப் போய் அங்கே வீடு கட்டிக்கொள்கிறான். சேயீருக்குப் போனதாக ஒரு வரியும் இல்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்ததை நான் சரி என்று சொல்லமாட்டேன். அந்த மனுஷனுக்கு நேராகப் பேச வரவே வராது. ஆனால் இருவரும் தள்ளித் தள்ளித்தான் இருந்தார்கள், பகையும் திரும்பவில்லை. ஈசாக்கு 180 வயதில் இறந்தபோது ஏசாவும் யாக்கோபும் சேர்ந்து அடக்கம் செய்தார்கள். அடுத்த அதிகாரத்தில், இருவருக்கும் ஆஸ்தி மிகுதியாயிருந்ததால் ஒரே நிலம் தாங்கவில்லை என்று ஏசா வேறு தேசத்துக்குப் போகிறான்.

ஆபிரகாமும் அவர் சகோதரன் மகன் லோத்தும் பிரிந்ததும் இதே காரணத்தால்தான். நீ இடதுபக்கம் போனால் நான் வலதுபக்கம் என்று பெரியவரே விட்டுக்கொடுத்தார். பிரிந்துபோன லோத்தைச் சிறைபிடித்துக்கொண்டு போனார்கள் என்று கேட்டதும் 318 ஆட்களோடு இரவோடிரவாக ஓடிப்போய் மீட்டு வந்தவரும் அவர்தான். அடுப்பு வேறாகலாம், ஆபத்துக்கு ஓடுவது நிற்கக் கூடாது.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது லாபானின் கதை. மாமனார் மருமகன் சண்டை என்று அதை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். லாபான் யாக்கோபை ஏமாற்றியவன். ராகேல் என்று சொல்லி லேயாளைக் கொடுத்தான். பெண்களுக்காக 14 வருடம், மந்தைக்காக 6 வருடம் வேலை வாங்கினான், கூலியைப் பத்து முறை மாற்றினான் என்பது யாக்கோபின் குறை. கடைசியில் யாக்கோபு சொல்லாமல் கிளம்ப, லாபான் துரத்தி வந்து கீலேயாத் மலையில் பிடிக்கிறான். இரண்டு பேரும் 20 வருடக் கணக்கையும் வாய்விட்டுப் பேசுகிறார்கள். ஒளிக்கவில்லை. அப்புறம் கற்களை எடுத்துவந்து ஒரு குவியல் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நானும் இந்தக் குவியலைத் தாண்டித் தீங்கு செய்ய உன்னிடம் வரமாட்டேன், நீயும் என்னிடம் வரக்கூடாது, இந்தக் குவியல் சாட்சி என்று உடன்படிக்கை. லாபான் தன் பாஷையில் அதற்கு யெகர்சகதூதா என்று பெயர் வைக்கிறான். யாக்கோபு தன் பாஷையில் கலயெத் என்கிறான். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: சாட்சிக் குவியல்.

ஒரே எல்லைக்கல்லுக்கு இரண்டு பாஷையில் இரண்டு பெயர் என்றால் எல்லையோரத்து இஞ்சிவிளைக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லையாக நம் வீடுகளுக்கு நடுவிலேயே கோடு விழுந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் அந்தப் பக்கம் போயின, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது. அம்மா வீடு ஒரு மாநிலம், அப்பா வீடு இன்னொரு மாநிலம் என்று ஆன குடும்பங்கள் எத்தனையோ. களியக்காவிளைச் சந்தையில் இங்கேயும் அங்கேயும் இருக்கிற சொந்தக்காரர்கள் மீன் வாங்கிக்கொண்டு நின்று பேசுவதை இன்றைக்கும் பார்க்கலாம். கோடு போட்டதால் உறவு செத்துப்போகவில்லை. எது யாருடையது என்று தெரிந்த பிறகு நிம்மதியாகச் சாயா குடிக்கவும் முடிந்தது. கீலேயாத்தில் நடந்ததும் அதுதான். அதிகாலையில் லாபான் எழுந்து தன் மகள்களையும் பேரப்பிள்ளைகளையும் முத்தமிட்டு ஆசீர்வதித்துவிட்டுப் போகிறான். கல் குவியல் அப்படியே நடுவில் இருக்கிறது.

இனி யாக்கோபின் மகன் யோசேப்பு. 17 வயதில் அண்ணன்மாரால் 20 வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டான். பார்வோன் முன் நின்று எகிப்துக்கு அதிகாரியானபோது வயது 30. செழிப்பான 7 வருடம் போய், பஞ்சம் 2 வருடம் ஆனபோதுதான் தன்னை வெளிப்படுத்துகிறான். கூட்டிப் பாருங்கள், 22 வருடம். சகோதரர் வந்து தானியத்துக்காகத் தரையில் விழுந்த அன்றே "நான்தான்" என்று அவன் சொல்லவில்லை. மூன்று நாள் காவலில் வைக்கிறான். சிமியோனைப் பிடித்துவைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்புகிறான். அவர்கள் கொடுத்த பணத்தைச் சாக்கிலேயே திருப்பிப் போடுகிறான். அடுத்த முறை பென்யமீனுக்கு மற்றவர்களைவிட ஐந்து மடங்கு பரிமாறச் செய்கிறான்: சின்னவனுக்கு அதிகம் கொடுத்தால் இவர்களுக்கு இன்னும் வயிறு எரிகிறதா என்று பார்க்கத்தான் என்று நான் வாசிக்கிறேன். அப்புறம் வெள்ளிப் பாத்திரத்தைப் பென்யமீன் சாக்கில் வைக்கிறான்.

இதற்கு நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. யோசேப்பு மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு துபாசி வைத்துப் பேசுகிறான், எகிப்தியர்களைப் போல. இவனுக்கு நம் பாஷை தெரியாது என்று நினைத்து அண்ணன்மார் அவன் முன்னாலேயே பேசிக்கொள்கிறார்கள்: அன்றைக்கு அவன் கெஞ்சினானே, அவன் பட்ட பாட்டைப் பார்த்தும் நாம் கேட்கவில்லையே, அதனால்தான் இந்த ஆபத்து வந்தது. யோசேப்பு திரும்பிப் போய் அழுகிறான். ஒரு பாஷை தெரியாதவன்போல நின்று அதில் தன்னைப் பற்றிய பேச்சைக் கேட்ட அனுபவம் நம் எல்லைக்காரர்களுக்கு உண்டு, அதனால் அந்த அழுகை நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே புரியும். அவர்கள் இவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் 22 வருடமாக உறுத்திக்கொண்டிருந்திருக்கிறது என்று முதல்முறையாக அவனுக்குத் தெரியவருகிறது. அப்போதும் அவன் வெளிப்படுத்தவில்லை.

எப்போது உடைந்தான்? யூதா பேசியபோது. "இவனை விற்றுவிடலாம்" என்று அன்றைக்கு யோசனை சொன்னவன் இதே யூதாதான். இப்போது அவனே முன்னால் வந்து, பிள்ளையாண்டானை விட்டுவிடும், அவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன், என் தகப்பனுக்கு வரும் துக்கத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்கிறான். அதற்கு மேல் யோசேப்பால் அடக்க முடியவில்லை. எகிப்தியர் வீடு வரைக்கும் கேட்கும்படி சத்தமிட்டு அழுதான். அவன் மனதில் மன்னிப்பு எப்போதோ வந்திருக்கலாம், அண்ணன்மார் தன்னை வணங்குவதாகச் சிறுவயதில் கண்ட சொப்பனங்களை நினைத்தானே அப்போதே. ஆனால் கூட வைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை, அண்ணன் மாறியிருக்கிறான் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் வந்தது. உங்களுக்கு அண்ணன் வீட்டுப் படி ஏற மனம் வராமல் இருப்பதற்கும் மன்னிக்காமல் இருப்பதற்கும் நடுவே இருக்கிற இடம் இதுதான். யோசேப்பும் அந்த இடத்தில் நின்றவன்.

ஆனால் தம்பி, இன்னொன்றையும் பாருங்கள். இத்தனை சோதனை நடந்த காலத்திலும் யோசேப்பு தானியத்தை நிறுத்தவில்லை. முதல் முறையே சாக்கு நிறைய, வழிக்கு ஆகாரமும் கொடுத்து அனுப்பினான். வீட்டில் வயதான தகப்பன் பசியாக இருக்கிறான் என்று அவனுக்குத் தெரியும். அண்ணனோடு பேச்சு இல்லாத இந்த 9 வருடத்தில் அப்பாவின் மருந்துக்கு நீங்கள் பணம் அனுப்பினீர்களா என்று உங்கள் கேள்வியில் இல்லை. அனுப்பியிருந்தால் அதைத் தொடருங்கள். இல்லாவிட்டால் இந்த வாரமே தொடங்குங்கள், அது அண்ணன் மாறினானா இல்லையா என்ற கணக்கில் சேராது.

யோசேப்பின் கதையில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்கிறவர்கள் கடைசி அதிகாரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். யாக்கோபு எகிப்தில் 17 வருடம் இருந்து 147 வயதில் கண்ணை மூடினான். 17 வயதில் அப்பாவைப் பிரிந்த பிள்ளைக்கு அப்பாவோடு இன்னொரு 17 வருடம் கிடைத்தது, இந்தக் கணக்கை நினைத்தால் எனக்கு எப்போதும் மனம் நிறையும். அந்த 17 வருடமும் அண்ணன்மாருக்குச் சோறு போட்டவன் யோசேப்பு. அப்படியும் அப்பா போனதும் அவர்கள் பயந்துவிட்டார்கள். "எங்களை மன்னிக்கும்படி அப்பா சொல்லியிருக்கிறார்" என்று ஆள் அனுப்புகிறார்கள். யோசேப்பு அதைக் கேட்டு அழுகிறான். முழுமனதோடு மன்னித்தவனைக்கூட மன்னிக்கப்பட்டவர்கள் நம்பவில்லை. உங்கள் வீட்டில் ஒரே சந்திப்பில் எல்லாம் தீரவில்லை என்றால் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லப்போகிறேன். உங்கள் கேள்வி முழுவதும் அண்ணன், அண்ணன் என்று இருக்கிறது. இஷ்டதானப் பிரமாணத்தில் கையெழுத்துப் போட்டது அப்பா. உங்கள் கோபத்தில் பெரிய பங்கு அப்பாவுக்குப் போக வேண்டியது. படுத்துக் கிடக்கிற 83 வயது மனுஷன்மேல் கோபப்பட மனம் வராததால் அதையும் சேர்த்து அண்ணன் தலையில் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆதியாகமத்தில் சகோதரச் சண்டை பெரும்பாலும் பெற்றவர்களின் பட்சத்தில்தான் தொடங்குகிறது. ஏசாவின் வேட்டைக்கறி ஈசாக்குக்குப் பிடித்திருந்தது, அதனால் அவன்மேல் பட்சம். யாக்கோபு அந்தப் பட்சத்தால் அடிபட்டு வளர்ந்தவன். ஆனாலும் யோசேப்புக்கு மட்டும் பலவருணமான அங்கி தைத்துக் கொடுத்தான். ஏசாவைச் சந்திக்கப் போகும்போதுகூட, ராகேலையும் யோசேப்பையும்தான் ஆபத்து எட்டாத கடைசி வரிசையில் நிறுத்தினான். முன்வரிசையில் நிறுத்தப்பட்ட பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டுதானே நின்றிருப்பார்கள். வெள்ளாட்டுக்குட்டித் தோலால் தகப்பனை ஏமாற்றியவனிடம் அவன் பிள்ளைகள் வெள்ளாட்டுக்கடா இரத்தத்தில் தோய்த்த அங்கியைக் கொண்டுவந்து காட்டினார்கள்.

ஏசா ஆசீர்வாதம் போய்விட்டது என்று தெரிந்ததும் தம்பியைத் திட்டுவதற்கு முன்னால் அப்பாவிடம்தான் அழுதான்: அப்பா, உம்மிடம் ஒரே ஒரு ஆசீர்வாதம்தானா இருக்கிறது, என்னையும் ஆசீர்வதியுமே என்று. நெஞ்சில் இருப்பதைத் தகப்பன் காதில் போட்டான். நீங்கள் சண்டை போட வேண்டாம். "அப்பா, எனக்கு இது வலித்தது" என்ற ஒரு வரி போதும். அவர் காது கேட்கும்போதே சொல்லுங்கள்.

அடுத்தது உங்கள் தங்கை. கேள்வியில் இரண்டு இடத்தில் அவள் வருகிறாள்: ஒன்று, அப்பாவைப் பார்க்க வாரம் ஒருமுறை வருகிறாள்; இன்னொன்று, "நீ போய்ப் பாரு அண்ணா" என்று உங்களிடம் அழுதாள். 60 சென்டில் அவளுக்கு என்ன என்று ஒரு வார்த்தை இல்லை. 35-க்கும் 25-க்கும் 9 வருடமாகப் பேசாமல் இருக்கிற இரண்டு அண்ணன்மாருக்கும் அவள் கணக்கு பூஜ்யம் என்பதில் ஒற்றுமை இருந்திருக்கிறது.

வேதம் இந்த இடத்திலும் சும்மா இல்லை. எண்ணாகமத்தில் செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள், மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள், சபை முழுவதும் கூடியிருக்கிற இடத்தில் மோசேயின் முன் வந்து நின்று எங்களுக்கும் காணியாட்சி வேண்டும் என்று கேட்கிறார்கள். மோசே தானாகத் தீர்ப்புச் சொல்லாமல் கர்த்தரிடம் கொண்டுபோகிறார். அவர்கள் பேசுகிறது சரி என்று பதில் வருகிறது. அவர்கள் தகப்பனுக்கு மகன் இல்லை என்பது உண்மை. ஆனால் யோபின் கதையில் ஏழு மகன்கள் இருந்தும், மூன்று மகள்களுக்கும் அவர்கள் சகோதரர் நடுவில் சுதந்தரம் கொடுத்தான் தகப்பன். லாபான் வீட்டில் ராகேலும் லேயாளும் சொன்னதையும் கேளுங்கள்: எங்கள் தகப்பன் வீட்டில் இனி எங்களுக்குப் பங்கும் சுதந்தரமும் உண்டோ, எங்களை விற்றுப் பணத்தையும் வாயில் போட்டுக்கொண்டாரே என்று. நம் வீட்டுச் சமையற்கட்டுகளில் இதே பேச்சை நான் கேட்டிருக்கிறேன், கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில்.

திருவிதாங்கூரில் 1916-இல் வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில், உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5000 ரூபாய், எது குறைவோ அது என்று இருந்தது. மகனும் மகளும் சமமாகப் பிரிக்கும் வழக்கமிருந்த சில பிரிவினருக்கு மட்டும் விலக்கு. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் இங்கே பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னது. அதன்படி மகனுக்கும் மகளுக்கும் சமம். அப்பா உயிரோடிருக்கும்போது பிறந்ததாலேயே பங்கு கேட்கும் உரிமை கிறிஸ்தவர்களுக்கு இல்லை, தன் சொத்தை அவர் விரும்பியபடி எழுதலாம். அதனால் அண்ணன் பிரமாணத்தைச் சட்டத்தில் அசைப்பது உங்களுக்குக் கஷ்டம். இதே காரணத்தால் தங்கையும் வழக்குப் போட முடியாமல் இருக்கலாம். பத்திரம் பார்க்கிற வக்கீல் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். ஆனால் உங்கள் பெயரில் இருக்கிற 25-இல் அவளுக்கு ஐந்து சென்ட் எழுதுவதற்கு யாரும் உங்களைத் தடுக்கப் போவதில்லை. உங்களுக்குச் செய்யப்பட்டது அநியாயம் என்று நீங்கள் சொல்வது அன்றைக்கு உங்கள் அண்ணன் காதிலும் வேறு மாதிரி விழும்.

இயேசுவிடமே ஒருவன் வந்து, ஆஸ்தியை என்னோடு பாகம்பிரிக்க என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கேட்டான். என்னை உங்களுக்குப் பங்கிடுகிறவனாக வைத்தவர் யார் என்று அவர் திருப்பிக் கேட்டார். அதனால் பாகம் பிரிப்பதில் நானும் இதற்கு மேல் நுழையவில்லை.

எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அம்மாவும் பெரிய மாமாவும் ஒரு கிணற்றுப் பாதைக்காக 11 வருடம் பேசவில்லை. ஞாயிறு ஆராதனையில் அம்மா பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சு, மாமா ஆண்கள் பக்கம் நாலாவது. நம் தென்னிந்தியத் திருச்சபை ஆராதனையில் திருவிருந்துக்கு முன் சமாதானம் கொடுப்பது உண்டல்லவா, 1950-இல் வந்த ஆராதனை முறையில் சேர்த்தது. கேரளத்துச் சிரியன் சபைகளில் காலங்காலமாக இருந்த வழக்கம். போதகர் கையிலிருந்து கை மாறிக் கை மாறிக் கடைசிப் பெஞ்சு வரை போகும். மாமா கை கொடுத்த மனுஷர் மாமியிடம் கொடுப்பார், மாமியிடமிருந்து சித்தி, சித்தியிடமிருந்து அம்மா. 11 வருடம் அண்ணன் கையிலிருந்த சமாதானம் மூன்று கை சுற்றித் தங்கையிடம் வந்துகொண்டிருந்தது. நேராக வரவில்லை. சின்னப் பிள்ளையாக நான் அதை எண்ணிக்கொண்டே நிற்பேன்.

1974-இல் தாத்தா இறந்தார். கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போது மாமா ஒரு பிடி அள்ளினார், பாதியை அம்மா கையில் கொட்டினார். இருவரும் சேர்ந்து போட்டார்கள். அன்றைக்கு அம்மா அழுத அழுகை தாத்தாவுக்கு மட்டும் இல்லை. ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, "அப்பன் பாத்திருந்தா ஒரு வாய்க் கஞ்சி கூடக் குடிச்சிருப்பாரே" என்றாள். ஈசாக்கும் இஸ்மவேலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதாக வேதம் சொல்வது ஆபிரகாமை மக்பேலாவில் அடக்கம் பண்ணின அன்றைக்குத்தான். தகப்பன் அதைப் பார்க்கவில்லை. உங்கள் அப்பா பார்க்க முடியும். ஒரே பாயில் என்று அவர் கேட்பது கண் திறந்திருக்கும்போது.

அதனால் போங்கள். அண்ணன் வீட்டுப் படி ஏறுகிறோம் என்று நினைக்க வேண்டாம், அப்பா படுத்திருக்கிற அறைக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தங்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அன்றைக்குப் பிரமாணப் பேச்சு எடுக்காதீர்கள், அண்ணன் எடுத்தாலும் இன்னொரு நாள் உட்கார்ந்து பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த இன்னொரு நாள் நிச்சயம் இருக்கட்டும், லாபானும் யாக்கோபும் பேசின மாதிரி எல்லாவற்றையும் பேசுங்கள். மைனி (அண்ணி) சாயா கொண்டுவந்தால் குடியுங்கள். அண்ணன் வந்து பாயில் உட்கார்ந்தால் எழுந்துபோகாதீர்கள். சாயங்காலம் உங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடலாம், அதில் பாவம் ஒன்றும் இல்லை.

போவதற்கு முன்னால் மைனியிடமோ தங்கையிடமோ போனில் கேட்டுக்கொள்ளுங்கள், அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்கிற நேரம் எது என்று. அந்த நேரத்துக்குப் போய்ச் சேருங்கள். முற்றத்துப் பிலாமரத்தில் ஒரு இலை பறித்துக் கோட்டிக்கொண்டு போய், அவருக்கு நீங்களே கோரிக் கொடுங்கள்.